புதன்கிழமை மீன்கள்

மார்ச் 9

நாத்தனாருக்கு,

நாம் இன்னும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. நான் உங்கள் அண்ணி. போன மாதம் பன்னிரண்டாம் தேதி, புதன்கிழமை காலை பத்து இருபதுக்கு உங்கள் அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டவள். நிமிடம் வரை சொல்கிறாளே என்று சிரிக்க வேண்டாம். பஸ் டிப்போவில் எனக்கு டைம் கீப்பர் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது, தாமதம் என்றால் காரணம் என்ன என்று எழுதி எழுதி, வீட்டிலும் அதே புத்தி.

உங்கள் அண்ணன் ஓட்டும் பஸ் இரண்டு நிமிடம் தாமதமாக வரும். ஒரு தடவை இல்லை, பதினோரு தடவை. பதினோரு தடவையும் அவர் சொன்ன காரணத்தைச் சிவப்பு மையில் 'ஏற்க இயலாது' என்று அடித்தேன். பன்னிரண்டாம் தடவை நான் உட்காரும் டைம் கீப்பர் கூண்டின் ஜன்னலில் குனிந்து, "உங்களப் பாக்கத்தான் மெதுவா வரேன்"னார். அதையும் காரணம் என்ற கட்டத்தில் எழுதிவிட்டேன். டிப்போவே படித்துவிட்டது. அப்புறம் கல்யாணம் செய்யாமல் இருக்க முடியுமா?

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. மீனுக்குக் கண் எடுக்க வேண்டும் என்று சொன்னீர்களாம். அன்றிலிருந்து அவர் உங்கள் போனை எடுப்பதில்லை. பேச்சை எடுத்தாலே, "எனக்குத் தங்கச்சி இல்ல, ஒரு மீன்காரிதான் இருக்கா"ன்னு எழுந்து போய்விடுகிறார். உங்கள் இருவருக்கும் வேறு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன். என் கல்யாணத்தைவிடப் பெரிய மீன் அது என்ன மீன்? எனக்குக் கோபம் பாதி, தெரிந்துகொள்ளும் ஆசை பாதி.

பதிலை டிப்போ முகவரிக்குப் போடுங்கள். போனில் பேசினால் அவர் காதில் விழும். வீட்டுக்குக் கடிதம் வந்தால் கிழிப்பார்.

உங்கள் அண்ணி

(பின்பக்கம் பழைய டிரிப் ஷீட். காகிதத்தை வீணாக்கும் பழக்கம் எனக்கு இல்லை.)


மார்ச் 17

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை ஆய்வகத்தில் நின்றுகொண்டே நான்கு தடவை படித்தேன். பக்கத்து மேசைக்காரர், எலிகளை வைத்து ஆராய்வதால் நாங்கள் எலிக்காரர் என்று கூப்பிடுபவர், "என்ன, வேலை போச்சா?"ன்னு கேட்டார். "இல்ல, அண்ணி வந்திருக்காங்க"ன்னேன். வாசலை எட்டிப் பார்த்தார்.

முதலில் மன்னிப்பு. எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் கேட்காமல் இருந்தேன். அண்ணனுக்குப் போன் செய்து செய்து விரல்தான் தேய்ந்தது.

மீன் பெரிதெல்லாம் இல்லை, அண்ணி. சுண்டுவிரல் நீளம்கூட வராது. உடம்பில் நீலக்கோடு போட்டிருக்கும். ஆனால் அதன் கண்ணில் ஒரு வித்தை இருக்கிறது. கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்று ஒரு மெல்லிய படலம் உண்டு. பார்ப்பதெல்லாம் அதில் இருக்கும் நரம்பு செல்கள். அவற்றுக்கு நடுநடுவே தூண் மாதிரி நிற்பவை க்ளையா செல்கள். அவை பார்ப்பதில்லை. தாங்கிப் பிடிக்கும், ஊட்டும், குப்பை கூட்டும். யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அதிக வெளிச்சம் பட்டு அந்த மீனின் பார்க்கும் செல்கள் செத்துப்போனால், இந்தக் குப்பை கூட்டுபவர்தான் எழுந்து, தன்னையே இரண்டாகப் பிரித்து, பிரிந்ததை மறுபடி பிரித்து, புதுக் கண்ணையே செய்து வைக்கிறார். சில வாரத்தில் மீன் பழையபடி பார்க்கிறது!

அதே செல் உங்கள் கண்ணிலும் இருக்கிறது, என் கண்ணிலும் இருக்கிறது. நமக்கு அடிபட்டால் அது தழும்பைத்தான் போடுகிறது. மீனுக்குத் தெரிந்தது நமக்கு ஏன் தெரியவில்லை? அதுதான் என் வேலை.

வெளிச்சம் காட்டி மூன்றாம் நாள் கண்ணை எடுத்துப் பார்த்தால் புதுச் செல்கள் கொத்துக் கொத்தாகத் தெரிய வேண்டும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாற்பது மீன்களை வெளிச்சப் பெட்டியில் விட்டேன். திங்கள், செவ்வாய், புதன். மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு நான் இங்கே இருந்தே ஆக வேண்டும். அந்தப் புதன்தான் உங்கள் கல்யாணம்.

அதைவிடக் கொடுமை என்னவென்றால், கொத்து ஒன்றுகூடக் காணோம். நாற்பது மீனும் வீண். இந்த வருடக் கடைசிக்குள் ஏதாவது காட்டாவிட்டால் இந்த வேலையை மூடிவிடலாம் என்று ஆய்வகத்தை நடத்தும் எங்கள் மேடம் சொல்லிவிட்டார். அண்ணனிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். "நல்லா வேணும்"னு சொன்னாலும் தாங்கிக்கொள்வேன். "ஐயோ பாவம்"னு சொன்னால்தான் அழுதுவிடுவேன்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 2

நாத்தனாருக்கு,

குப்பை கூட்டுபவர் பற்றிப் படித்தேன். டிப்போவில் என் வேலையும் அதுதான். பஸ்ஸை ஓட்டுவது நான் இல்லை. நான் ஒரு நாள் வராமல் இருந்து பார்க்கச் சொல்லுங்கள், பஸ் ஓடுகிறதா என்று! உங்கள் க்ளையாவை எனக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் ஒன்று இடிக்கிறது. திங்கள் ஒன்பது மணிக்கு வெளிச்சம், புதன் ஒன்பது மணிக்குக் கண். என் கணக்கில் அது இரண்டு நாள்தானே? எங்கள் பஸ் கிளம்பும் இடத்தை நாங்கள் ஒன்று என்று எண்ணுவதில்லை. அது பூஜ்யம். ஓடி முடித்த தூரத்தைத்தான் எண்ணுவோம். உங்கள் ஊர் மீன்களுக்கு வேறு கணக்கோ என்னவோ. நான் படித்தது கொஞ்சம்தான், தப்பாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டுவிடுங்கள்.

இத்துடன் கல்யாண போட்டோ வைத்திருக்கிறேன். கோபத்தில் ஒளித்துத்தான் வைத்திருந்தேன். என் பக்கம் பதினேழு பேர் நிற்கிறார்கள், எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணன் பக்கம் அவருடைய டிப்போ நண்பர்கள் ஐந்து பேர். அவருக்கும் முதல் நண்பருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது பார்த்தீர்களா? போட்டோக்காரர் மூன்று தடவை சொன்னார், "சார், இடைவெளி விழுது, நெருங்கி நில்லுங்க"ன்னு. உங்கள் அண்ணன், "அது இடைவெளி இல்ல. என் தங்கச்சி நிக்கிற இடம்"னார். அப்புறம் யாரும் நகரவில்லை.

அவருடைய கோபம் எவ்வளவு என்று இதிலிருந்து நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

அண்ணி


ஏப்ரல் 11

அண்ணி, அண்ணி, அண்ணி,

நீங்கள் சொன்னது சரி. நீங்கள் சொன்னது சரியோ சரி. எனக்குச் சிரிப்பும் வருகிறது, தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலவும் இருக்கிறது.

என்ன நடந்தது தெரியுமா? மீன் அறையைப் பார்த்துக்கொள்ளும் மீன்காரர் ஒவ்வொரு தொட்டியிலும் ஓர் அட்டை தொங்கவிடுவார். மீனைத் தொட்டிக்கு மாற்றிய நாளை (எனக்கு அது வெளிச்சம் காட்டிய அதே திங்கட்கிழமை) அவர் 'நாள் 1' என்று எழுதுவார். தீனிக் கணக்குக்கு அது சரி, அன்றைக்கும் மீன் சாப்பிடும் அல்லவா? ஆனால் எனக்கு முன்னால் இந்த வேலையைச் செய்தவருடைய குறிப்பேட்டில் வெளிச்சம் காட்டிய நாள் பூஜ்யம். நான் குறிப்பேட்டில் 'மூன்றாம் நாள்' என்று படித்தேன். தொட்டி அட்டையில் 3 என்று இருந்த அன்றைக்குக் கண்ணை எடுத்தேன். ஒரு நாள் முன்னாலேயே எடுத்திருக்கிறேன்!

இத்தனை வருடப் படிப்பு, அண்ணி. கண்ணுக்குள் போய் செல்லை எண்ணுகிறவளுக்குக் கை விரலில் மூன்று எண்ணத் தெரியவில்லை. மீன்காரரிடம் சொன்னேன். "என் அட்டையில தப்பில்லம்மா"ன்னு முதலில் முறைத்தார். அப்புறம், "உங்க அண்ணி எந்த யூனிவர்சிட்டி?"ன்னு கேட்டார். டிப்போ என்றேன்.

இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் உட்கார்ந்து படியுங்கள். உண்மையான மூன்றாம் நாள் வியாழக்கிழமை. அதாவது செவ்வாய்க்கிழமை ரயில் ஏறி, புதன் பத்து இருபதுக்கு உங்கள் பக்கத்தில் நின்று, வயிறு முட்டச் சாப்பிட்டு, மாலை ரயிலைப் பிடித்திருந்தால், வியாழன் ஒன்பது மணிக்கு மீன் முன்னால் நின்றிருப்பேன். இரண்டும் நடந்திருக்கும். கல்யாணத்துக்கு வராமல் இருந்தேன், அதுவும் தப்பான நாளைக்காக.

போட்டோவை மைக்ரோஸ்கோப்புக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அந்தக் காலி இடம் கண்ணில் படும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். ஆனாலும் எடுக்க மாட்டேன்.

உங்கள் எண்ணத் தெரியாத நாத்தனார்


மே 14

நாத்தனாரே,

இனி உன்னை நீ என்றுதான் எழுதப்போகிறேன். மூன்று எண்ணத் தெரியாதவளுக்கு எதற்கு 'நீங்கள்'?

குட்டு உடைந்துவிட்டது. உன் கடிதங்களை மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தேன். சாவியை மட்டும் மேசைமேலேயே வைத்துவிட்டேன். டிரிப் ஷீட் கொடுக்க வந்த உன் அண்ணன், பேனா தேடி இழுப்பறையைத் திறந்து உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டார். "இது யார் எழுத்து?"ன்னு கேட்டார். பொய் சொல்ல எனக்கு வராது. உட்கார வைத்து, வெளிச்சத்திலிருந்து பூஜ்யம் வரைக்கும் முழுவதையும் சொன்னேன்.

எழுந்து போய் பஸ்ஸைக் கழுவ ஆரம்பித்துவிட்டார். பஸ் கழுவ டிப்போவில் தனி ஆள் இருக்கிறார் என்பதை நினைவில் வைத்துக்கொள். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பின்னாலேயே போனேன். சிரிக்கிறார்! "எண்ணத் தெரியல! முட்டைக்கண்ணிக்கு எண்ணத் தெரியல!"ன்னு சிரிக்கிறார். (உனக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் இருப்பதை என்னிடம் ஏன் சொல்லவில்லை?) சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று வாளியைத் தரையில் வைத்தார். "அப்ப வந்திருக்கலாம்ல? ரெண்டும் நடந்திருக்கும்ல?"ன்னார். அந்தக் குரலை என்னால் கேட்க முடியவில்லை.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். அதை அப்படியே எழுதுகிறேன். "அந்த லைட்டு பொட்டிய வேற நாளுக்கு மாத்திருக்க முடியாதா? அத மட்டும் கேளு."

எனக்கும் அதே சந்தேகம் உண்டு. மழுப்பாமல் சொல்லு.

இன்னொரு செய்தி. உனக்கு மருமகனோ மருமகளோ வரப்போகிறது. டிசம்பர் இருபது என்று டாக்டர் தேதி கொடுத்திருக்கிறார். எப்படிக் கணக்குப் போட்டார், பூஜ்யத்திலிருந்தா ஒன்றிலிருந்தா என்று கேட்டேன். அவர் இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்.

அண்ணி


ஜூன் 3

அன்புள்ள அண்ணி,

முதல் பக்கத்தை மூன்று தடவை கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன். அத்தையாகப் போகிற சந்தோஷத்தை எழுதினால் அண்ணன் கேட்ட கேள்விக்கு மழுப்பின மாதிரி இருக்கும். கேள்விக்குப் பதில் எழுதினால் சந்தோஷம் கெட்டுப்போகும். சரி, கசப்பை முதலில் விழுங்குகிறேன்.

மாற்றியிருக்க முடியும். வெளிச்சப் பெட்டிக்கு ஒரு பதிவேடு இருக்கிறது. அடுத்த வாரத் திங்கட்கிழமையில் எலிக்காரர் பெயர் இருந்தது. "எனக்கு அண்ணன் கல்யாணம், நாள மாத்திக்கலாமா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். தங்கமான மனிதர், கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. மேடத்தின் கூட்டத்துக்கு முன்னால் என் கையில் படம் இருக்க வேண்டும் என்று ஒரு வெறி. அன்றைக்கு எனக்கு மீன்தான் பெரிதாகத் தெரிந்தது. அண்ணன் எங்கே போய்விடுவார், எப்போதும் இருப்பார்தானே என்று நினைத்துவிட்டேன். பஸ் ஓட்டி என்னைப் படிக்க வைத்தவரை அப்படி நினைத்தேன். இதுதான் உண்மை. அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

இப்போது சந்தோஷம். இது உங்களால் வந்தது, ஆகவே பொறுமையாகக் கேட்க வேண்டும்.

வீணாய்ப்போன புதன்கிழமை மீன்களை நான் தூக்கி எறியவில்லை. போன வாரம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். க்ளையா செல்களின் உட்கருக்கள் விழித்திரையின் நடுவில் ஒரே வரிசையாக நிற்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி நேர்வரிசை. இந்தக் கண்களில் வரிசை நடுவே அங்கங்கே இடம் காலியாக இருந்தது. பிப்ரவரியில் அதைப் பார்த்து, செல் செத்துவிட்டது, என் கைதான் கெட்டது என்று எழுதி வைத்திருந்தேன்.

தலையைத் தூக்கினால் மேலே உங்கள் கல்யாண போட்டோ. அதே மாதிரி ஒரு வரிசை, நடுவில் ஒரு காலி இடம். அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. அந்த இடத்தில் நிற்க வேண்டியவள் செத்தா போனாள்? வேறு ஓர் இடத்தில் மீன் தொட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அப்படியென்றால் இந்த உட்கரு எங்கே போய் நிற்கிறது?

லென்ஸை மெதுவாக மேலே நகர்த்தினேன். இருந்தது அண்ணி! வரிசைக்கு மேலே, செத்த செல்கள் கிடக்கும் அடுக்கை நோக்கிப் பாதி வழி ஏறி நின்றது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒன்றுகூடச் சாகவில்லை. எல்லாம் கிளம்பிப் போய்க்கொண்டிருக்கின்றன, பிரிவதற்கு முன்னால்! நான் போட்ட கத்தலில் எலிக்காரர் கையிலிருந்த டீயைக் கொட்டிவிட்டார்.

மேடம் வந்து அரை மணி நேரம் பார்த்தார். "எல்லாரும் கொத்தத்தான் படம் எடுக்கிறாங்க. அது கிளம்புற நேரத்துல நாப்பது கண்ணு யாருகிட்ட இருக்கு?"ன்னார். அப்புறம், "மூணாம் நாளையும் ஒழுங்கா எண்ணிச் செஞ்சு காட்டு. கிளம்பினது போய்ச் சேர்ந்ததான்னு தெரியணும். அப்பத்தான் முழுக் கதை"ன்னார். கெடு மட்டும் மாறவில்லை, வருடக் கடைசிதான்.

படம் ஒன்று வைத்திருக்கிறேன். பச்சையாகத் தெரிவது க்ளையா. அம்புக்குறி போட்டது நம்ம ஆள்.

முட்டைக்கண்ணி


ஆகஸ்ட் 20

முட்டைக்கண்ணிக்கு,

பதில் தாமதம். காரணம்: வாந்தி. ஏற்கத்தக்கது.

படித்துக் காட்டினேன். கசப்புப் பக்கத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "உண்மையச் சொல்லிட்டா"ன்னார். அப்புறம், "நான் எங்க போயிடுவேன்னு நெனச்சது சரிதான். எங்க போனேன்? இங்கதான் இருக்கேன்"னார். நான் உடனே போனை நீட்டினேன். வாங்கவில்லை. உன் அண்ணனுக்கு பிரேக் சட்டென்று பிடிக்கும், வண்டி கிளம்பத்தான் நேரம் ஆகும்.

படத்தைக் கையில் வாங்கினார். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இது என்ன, கீரைக்கட்டா?"ன்னார். நேராகத் திருப்பிக் கொடுத்து அம்புக்குறியைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். என்னிடம் திருப்பித் தரவில்லை. எங்கே வைத்திருக்கிறார் என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இனி வருவதை அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். "குழந்தை பொறக்குறப்ப வருவாளான்னு கேளு. நாள் எண்ணிட்டு வரட்டும், பூஜ்யத்துலேர்ந்து எண்ணட்டும், எப்படியோ வரட்டும். அன்னிக்கும் மீனுன்னா, இந்த ஜென்மத்துக்கு எனக்குத் தங்கச்சி கெடையாது."

மிரட்டல் மாதிரி இருக்கிறதா? எழுதி முடித்ததும், "கொஞ்சம் ஓவரா இருக்கோ?"ன்னு என்னைக் கேட்டார். இருக்கட்டும் என்றேன். எனக்கும் நீ வர வேண்டும். என் பக்கம் பதினேழு பேர் வருவார்கள், பதினேழு பேரும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எனக்கு வேண்டியது உன்னை மாதிரி தன் தப்பைத் தானே சொல்லும் ஓர் ஆள்.

அண்ணி


நவம்பர் 16

அன்புள்ள அண்ணி,

வருகிறேன். சத்தியமாக வருகிறேன். எப்படி என்று நாள்வாரியாகக் கேளுங்கள், நீங்கள்தான் டைம் கீப்பர்.

போதுமான மீன்கள் இப்போதுதான் வளர்ந்து தயாராகியிருக்கின்றன. மேடத்தின் கெடு டிசம்பர் கடைசி. பதிவேட்டில் எனக்கு விழுந்தது டிசம்பர் பதினேழு. பார்த்ததும் விரல் விட்டு எண்ணினேன், பூஜ்யம் பதினேழு என்றால் மூன்றாம் நாள் இருபது. உங்கள் தேதி! மறுபடியும் அதே கூத்து.

இந்தத் தடவை வாயைத் திறந்தேன். எலிக்காரரிடம் போய், "எனக்கு அண்ணிக்குப் பிரசவம். உங்க எட்டாம் தேதிய எனக்குக் கொடுப்பீங்களா?"ன்னேன். "எடுத்துக்கோ. இவ்வளவுதானா?"ன்னார். இவ்வளவுதான் அண்ணி. பிப்ரவரியிலும் இவ்வளவேதான் ஆகியிருக்கும்.

ஆக, எட்டாம் தேதி திங்கள் காலை ஒன்பது: பூஜ்யம். பதினொன்று வியாழன் காலை ஒன்பது: மூன்று. சுவரில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன். மீன்காரர் தன் அட்டைகளில் 'இது தீனிக் கணக்கு மட்டுமே' என்று அடிக்குறிப்பு போட ஆரம்பித்துவிட்டார். பதினான்காம் தேதி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. இருபதுக்கு ஆறு நாள் முன்னாலேயே வந்து உங்கள் காலடியில் கிடப்பேன்.

மருமகளிடம் (மருமகள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது) சொல்லி வையுங்கள், அவசரப்பட வேண்டாம் என்று.

உங்கள் முட்டைக்கண்ணி


டிசம்பர் 28

என் அன்பு அண்ணி,

சொன்ன பேச்சைக் கேட்காத மருமகள்! ஒன்பது நாள் முன்னாலேயே வருகிறவளை வைத்துக்கொண்டு யார்தான் திட்டம் போட முடியும்?

ஆய்வகத்துக்குத் திரும்பி இரண்டு நாள் ஆகிறது. பதினான்கு நாள் உங்களோடே இருந்தும் சிலதைச் சொல்லவில்லை. ஒன்று, நேரமில்லை. இன்னொன்று, சொல்லப் போனால் அழுகை வந்துவிடும், குழந்தை பயந்துவிடும். எழுதினால் யாருக்கும் தெரியாது.

பதினொன்றாம் தேதி ஒன்பது மணிக்கு ஆரம்பித்தேன். மூன்றாவது மீனின் கண்ணை எடுத்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திரையில் அண்ணன் பெயர். பத்து மாதத்தில் முதல் தடவை! எலிக்காரர் போனை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். அண்ணன், "முட்டைக்கண்ணி"ன்னார். "உங்க அண்ணிக்கு வலி எடுத்துருச்சு. இப்பவேன்னு சொல்றாங்க. எனக்குப் பயமா இருக்கு"ன்னார். வா என்று கூப்பிடக்கூட இல்லை, அண்ணி. பயமாக இருக்கிறது என்றுதான் சொன்னார்.

இன்னும் முப்பத்தேழு மீன். அது பாதி நாள் வேலை. விட்டால் இந்த வருடம் போச்சு, என் வேலையும் போச்சு. எல்லாம் தெரிந்தது. இடுக்கியைத் தட்டில் வைத்தேன். "நான் கிளம்புறேண்ணா"ன்னு சொல்லிவிட்டுத்தான் மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். மேடம் ஏற்கெனவே கையுறை மாட்டிக்கொண்டிருந்தார்! "நான் கண்ணு எடுத்து பதினஞ்சு வருஷம் ஆச்சு. கை மறந்திருக்கான்னு பாப்போம். நீ போ"ன்னார். மீன்காரர் மயக்க மருந்துத் தொட்டிக்குப் போய் நின்றுகொண்டார். எலிக்காரர் குப்பியில் எண் எழுதத் தயாராக நின்றார். நான் ஆய்வக அங்கியோடு ரயில் ஏறினேன். பெட்டியில் எல்லோரும் என்னை டாக்டர் என்று நினைத்து முழங்கால் வலி சொன்னார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். நீங்கள் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தீர்கள். "நாலு பத்துக்குப் பொண்ணு"ன்னார். "உங்க அண்ணி கண்ண முழிச்சதும் குழந்தையக்கூட அப்புறம்தான் கேட்டா. முதல்ல மணி கேட்டா. ஆஸ்பத்திரி கடிகாரம் ரெண்டு நிமிஷம் கூடன்னு நர்ஸுகிட்டச் சண்டை"ன்னார். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும், "இன்னிக்கு எத்தனாம் நாளு?"ன்னு கேட்டார். "மூணாம் நாளுண்ணா"ன்னேன். "சரியா எண்ணினியா?"ன்னார். "எண்ணினேன்"னேன். "அப்ப மீனு?"ன்னார். "விட்டுட்டு வந்துட்டேன்"னேன்.

அண்ணன் என் அங்கியின் காலரைச் சரிசெய்துவிட்டார், பள்ளிக்கூடம் அனுப்பும்போது செய்வாரே, அது மாதிரி. அப்புறம் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தார். நான் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். உங்கள் பதினேழு பேரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம்.

நேற்று மேடம் எடுத்துக் கொடுத்த கண்களைப் பார்த்தேன். கொத்து! எண்ணி மாளாத கொத்து. புதன்கிழமை மீன்களில் கிளம்பிப் பாதி வழியில் நின்றதெல்லாம் இதில் போய்ச் சேர்ந்துவிட்டது. மேடம் வெட்டியதில் இரண்டு மட்டும் கொஞ்சம் கோணல், நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. வேலை மூடவில்லை அண்ணி, இன்னும் மூன்று வருடம் நடக்கும்! கட்டுரையில் நன்றி சொல்லும் இடத்தில் உங்கள் பெயரைப் போட்டிருக்கிறேன். என்ன பதவி என்று மேடம் கேட்டார். டைம் கீப்பர் என்றே போட்டுவிட்டோம்.

அத்தை


ஜனவரி 10

அத்தைக்கு,

உன் கடிதத்தை நான் உரக்கப் படிக்க, உன் அண்ணன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார். அழுத இடத்தை மட்டும், "அதெல்லாம் எதுக்கு எழுதுறா"ன்னு முணுமுணுத்தார். பிறகு அதையே இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

வீட்டில் இப்போது பெரிய சண்டை. இன்றைக்குக் குழந்தைக்கு முப்பது நாள் என்கிறேன் நான். முப்பத்தொன்று என்கிறார் அவர். "பொறந்த அன்னிக்கும் அவ பால் குடிச்சாளா இல்லையா? அப்ப அது ஒண்ணுதான்"ங்கிறார். மீன்காரர் கட்சிக்குப் போய்விட்டார் உன் அண்ணன். நீ வந்து தீர்த்து வைக்கும் வரை இரண்டு காலண்டர் தொங்கும்.

அவளுக்குக் கண் உன் கண்தான். முட்டை முட்டையாக முழித்துப் பார்க்கிறாள். ஜன்னல் வெளிச்சம் பட்டால் சிமிட்டுகிறாள். எனக்கு உடனே உள்ளே வரிசையாக நிற்கும் உன் ஆட்கள் ஞாபகம் வந்துவிடுகிறது, திரையைச் சாத்திவிடுகிறேன்.

காணாமல் போன உன் படம் கிடைத்துவிட்டது. எங்கே என்று கேள். பஸ்ஸில், ஓட்டுநர் இருக்கைக்கு மேலே, கண்ணாடிக்குப் பக்கத்தில். ஆகஸ்டிலிருந்தே அங்கேதான் ஒட்டியிருக்கிறாராம். நான் இப்போது விடுமுறையில் இருப்பதால் கூண்டில் வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பாவம், புது ஆள். நேற்று வீட்டுக்கே வந்துவிட்டார், கையில் டிரிப் ஷீட். "மேடம், உங்க வீட்டுக்காரர் ரெண்டு நிமிஷம் லேட்டு. காரணம்னு ஒண்ணு எழுதிக் கொடுத்திருக்கார். இத ஏத்துக்கலாமான்னு எனக்குத் தெரியல"ன்னார்.

வாங்கிப் பார்த்தேன். உன் அண்ணன் கையெழுத்தில், கட்டம் கொள்ளாமல் ஓரம் வரை எழுதியிருந்தது. அப்படியே எழுதுகிறேன்:

'பயணி ஒருவர் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டார். என் தங்கை கண்டுபிடித்தது என்று சொன்னேன். வரிசையில் காலியாக இருப்பது இடைவெளி இல்லை, அந்த செல் மேலே ஏறிப் போகிறது, புதுக் கண் செய்யப் போகிறது என்று விளக்கினேன். அவருக்கு ஒரே தடவையில் புரியவில்லை. மறுபடி விளக்கினேன்.'

பதினோரு தடவை ஏற்காதவள் நான். சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்து, 'ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

உன் அண்ணி